வள்ளுவர் காட்டும் நாள்

சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் குடும்பங்களில் நாள்காட்டிக்குத் தனி மதிப்பு உண்டு. சுவரில் தொங்கும் அத்தாளில் நாம் காண்பவை கிழமையும் திதியும் மட்டும் அல்ல. விடுமுறை தொடங்கும் நாள், ஊருக்கு வண்டி ஏறும் நாள், திரும்பி வந்தே தீர வேண்டிய நாள், அங்கே நடைபெறும் திருமணத்திற்குப் போக இயலாமற்போன நாள் ஆகிய எல்லாவற்றையும் அதிலேயே காண்கிறோம். ஓர் ஆண்டு ஓடியதே தெரியவில்லை என்று இங்கே நாம் வியந்துகொண்டிருக்கையில், ஊரில் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர்க்கு அவ்வாண்டு நகரவே இல்லை. ஒரே காலம் ஒருவர்க்கு ஓடுவதும் மற்றொருவர்க்கு நிற்பதும் எங்ஙனம்? வாழ்நாள் சிறிது என்பதை அனைவரும் அறிவர்; அவ்வறிவு நம்மை எதன்பால் செலுத்த வேண்டும்? இவ்விரு வினாக்களையும் திருக்குறளிடம் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலத்தைப் பற்றி வள்ளுவர் கூறுவது யாது என ஆராயப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு அதிகாரங்களையே நாடுவர். ஒன்று, அறத்துப்பாலில் 34ஆம் அதிகாரமாகிய நிலையாமை. மற்றொன்று, பொருட்பாலில் 49ஆம் அதிகாரமாகிய காலமறிதல். காமத்துப்பாலின் 25 அதிகாரங்களையும் இத்தேடலில் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. காதலரின் ஏக்கத்தில் காலத்தைப் பற்றிய மெய்யறிவு என்ன இருக்கப் போகிறது என்னும் எண்ணமே அதற்குக் காரணம் போலும். அது குறையுடைய தேடல் என்பது நம் கருத்து. 'நாள்' என்னும் சிறு சொல் முப்பாலிலும் பயில்கிறது. மூன்றிடத்தும் அதனைச் சேர்த்து நோக்கினாலன்றி வள்ளுவர் உள்ளம் முழுமையாக விளங்காது.

அறுக்கும் நாள்

முதற்கண் அறத்துப்பாலை நோக்குவோம். நாள் என்பது தீங்கற்ற ஏதோ ஒன்றுபோல் நம்முன் வந்து நிற்கிறது. உணர வல்லார்க்கோ அது உயிரை அறுத்துச் செல்லும் வாள் என்பது 334ஆம் குறளின் கருத்து. ஈண்டு வள்ளுவர் ஆண்ட வினைச்சொல் நோக்கற்பாலது. வெட்டுதல் என்றோ எறிதல் என்றோ கூறாமல் 'ஈர்தல்' என்கிறார். போர்வாள் ஒரே வீச்சில் வெட்டும். ஈர்வாளோ போவதும் வருவதுமாக, ஒவ்வோர் இழுப்பிலும் சிறிது தூளை மட்டுமே உதிர்க்கும். மரம் கடைசி இழுப்பு வரை நின்றுகொண்டே இருக்கும். நின்றுகொண்டிருப்பதால் தனக்கு ஒன்றும் நேரவில்லை என அது எண்ணக்கூடும். நாள்கள் நம்மை ஏமாற்றும் முறையும் இதுவே.

நிலையாமை துறவறவியலில் வைக்கப்பட்ட அதிகாரம். ஆதலின் வாழ்நாளின் குறுமையை உணர்ந்தவன் உலகைத் துறத்தலே முறை என்பதே வள்ளுவர் முடிபு எனச் சிலர் கூறுவர். அவ்வதிகாரத்தின் உள்ளே புகுந்து பார்த்தால் அம்முடிபு முழுதும் பொருந்தவில்லை. செல்வம் நிலையாதது, ஆகவே அது கைக்கு வந்தவுடன் நிலைத்த செயல்களைச் செய்துவிடுக என்கிறது 333ஆம் குறள். நாவடங்கி விக்கல் எழுமுன் நல்வினையை விரைந்து செய்க என்கிறது 335ஆம் குறள். துறவைப் பேசும் இயலிலும் நிலையாமையை உணர்த்தியபின் அவர் இடும் கட்டளை 'செய்க' என்பதே. 'பின்னர்ப் பார்த்துக்கொள்வோம்' என்று அறத்தைத் தள்ளிப்போடாதே என்று நான்காம் அதிகாரத்திலேயே, 36ஆம் குறளில், அவர் எச்சரித்துவிட்டார். அதற்கு இரண்டு குறள் தள்ளி, வீணாய்க் கழியும் நாளுக்கு 'வீழ்நாள்' எனப் பெயரிடுகிறார்.

கணக்கில் வரும் நாள்

பொருட்பாலில் நாள் வேறு கோலம் கொள்கிறது. பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்றும், கொக்குப்போல் காத்திருந்து உரிய நேரத்தில் குத்துக என்றும் காலமறிதல் கற்பிக்கிறது. இங்கே காலம் ஒரு கருவி. அதனை அறிந்தவன் வெல்வான், அறியாதவன் தோற்பான். படைச்செருக்கு என்னும் 78ஆம் அதிகாரத்தில், கழிந்த தன் நாள்களை எண்ணிப் பார்க்கும் ஒரு வீரனைக் காண்கிறோம். முகத்திலும் மார்பிலும் புண்படாத நாள்களையெல்லாம் அவன் பயனற்ற நாள்களின் பக்கத்தில் எழுதிவிடுகிறான் (776). அலுவலகத்திலும் கடையிலும் தொழிற்கூடத்திலும் உழைத்து மாத இறுதியில் கணக்குப் பார்க்கும் நமக்கு இவ்வீரன் அயலவன் அல்லன். சம்பளம் உயராத ஆண்டை, வீடு வாங்காத ஆண்டை, நாமும் அந்தப் பக்கத்தில்தானே எழுதிக்கொள்கிறோம்?

இதுவரை கண்ட இரண்டு நாள்களுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அறுபடும் உயிர் என் உயிர். எண்ணப்படும் நாள் என் நாள். அறம் செய்க என்னும் கட்டளை பிறரை நாடியதே எனினும், நாளை அளக்கும் கோல் என் கையிலேயே இருக்கிறது. பிறருடைய நாள் எவ்வளவு நீளம் என்னும் வினா இன்னும் எழவில்லை. அவ்வினாவை எழுப்புவது காமத்துப்பால்.

நகராத நாள்

கற்பியலின் வாயிலிலேயே, 1151ஆம் குறளில், ஒரு குரல் கேட்கிறது. பிரிய நினைக்கும் தலைவனிடம் தலைவியோ அவள் சார்பில் தோழியோ பேசுவதாக இதனைக் கொள்ளலாம். போகவில்லை என்றால் அதை எனக்குச் சொல். விரைந்து வருவேன் என்னும் செய்தியை, நீ வரும்போது உயிரோடு இருப்பவர்க்குச் சொல் என்பது அதன் கருத்து. நிலையாமை அதிகாரம் பொதுவாகக் கூறிய உண்மை ஈண்டு ஒரு வீட்டு வாயிலில் வந்து நிற்கிறது. உலகத்தார் வாழ்நாள் குறுகியது என்பதை நாம் எளிதில் ஒப்புக்கொள்வோம். நமக்காகக் காத்திருப்பவரின் வாழ்நாளும் குறுகியதே என்பதை ஒப்புக்கொள்வதுதான் அரிது.

127ஆம் அதிகாரமாகிய அவர்வயின் விதும்பலின் முதற்குறளில் காத்திருக்கும் ஒரு பெண்ணைக் காண்கிறோம். வழி பார்த்துப் பார்த்துக் கண் ஒளி குன்றிற்று. பிரிந்து சென்ற நாள்களைச் சுவரில் குறியிட்டு, அக்குறிகளைத் தொட்டுத் தொட்டு விரல் தேய்ந்தது. மேலே கண்ட ஈர்வாளை இங்கே நினைவுகூர்க. அங்கு நாள் உயிரைத் தேய்த்தது. இங்கு விரலைத் தேய்க்கிறது. அறத்துப்பாலில் அறிவால் உணர வேண்டியிருந்த ஒன்றை இவள் தோலில் உணர்கிறாள்.

அடுத்த அதிகாரத்தில் இன்னும் நுட்பமான ஓர் இடம் உண்டு. காதலர் சென்றது நேற்றுத்தான். பசலை படர்ந்தோ ஏழு நாள் ஆயிற்று என்கிறாள் தலைவி (1278). கணக்குப் பொருந்தாதது போல் தோன்றும். இதற்கு முந்தைய குறளில், தலைவன் பிரியப் போவதை நமக்கு முன்னரே வளைகள் உணர்ந்துவிட்டன என்று சொல்லப்படுகிறது. அதனோடு சேர்த்துப் படித்தால் கணக்கு நேராகிவிடும். பிரிவு அவன் புறப்பட்ட நாளில் தொடங்கவில்லை. அவன் உள்ளத்தில் அவ்வெண்ணம் எழுந்த நாளிலேயே தொடங்கிவிட்டது. விடுமுறையில் ஊருக்குச் சென்ற நாம் இதனைக் கண்டிருக்கிறோம். புறப்பட நான்கு நாள் இருக்கும்போதே அடுக்களையில் முறுக்குக்கு மாவு இடிபடும், பேச்சுக் குறையும். பெட்டியை நாம் இன்னும் எடுத்திருக்கவும் மாட்டோம்.

இனி 1269ஆம் குறளுக்கு வருவோம். தொலைவு சென்றவர் திரும்பும் நாளை உள்ளத்தில் வைத்து ஏங்குவார்க்கு ஒரு நாள் ஏழு நாள் போல் நீளும் என்பது அதன் பொருள். இதனை வெறும் உயர்வு நவிற்சி என்று ஒதுக்குவாரும் உளர். அவர்கள் இக்குறளைப் பேசுபவர் யார் என்பதைக் கருதவில்லை. காத்திருக்கும் தலைவி பேசுவதாகவே நம்மிற் பலர் இதனைப் படித்திருப்போம். பரிமேலழகரோ இதனைத் தலைவன் கூற்றாகக் கொள்கிறார். முந்தைய குறளில், அரசன் மேற்கொண்ட வினை வெற்றியோடு முடியட்டும், நானும் வீடு சேர்ந்து மாலையில் விருந்துண்பேன் என்று பாசறையில் எண்ணியவன் அவன். இப்போது வீடு நோக்கி வந்துகொண்டிருக்கிறான்.

இவ்வுரையை ஏற்றுக்கொண்டால் குறளின் தன்மையே மாறிவிடுகிறது. அவனுக்கு வினை இருந்தது. வினையுள்ளவர்க்கு நாள் விரையும். அவன் கூறுவது தன் நாளின் நீளத்தை அன்று. தனக்காக வீட்டில் இருப்பவளின் நாள் எவ்வளவு நீளம் என்பதை வழியிலேயே அளந்து பார்க்கிறான். பிறருடைய காலத்தைத் தன் நெஞ்சில் உணரும் இந்த ஆற்றலை நிலையாமையோ காலமறிதலோ தனித்து நின்று நமக்குத் தரவில்லை. உடனே வரும் 1270ஆம் குறளில் அவன் அஞ்சுகிறான்: அவள் உள்ளம் உடைந்துபோனபின் நான் போய்ச் சேர்ந்துதான் என்ன பயன்? காலமறிதலில் நாம் கற்ற பாடத்தின் மிகக் கடுமையான வடிவம் இதுவே. கொக்கு காலம் தவறினால் இழப்பது ஒரு மீன். இவன் காலம் தவறினால் இழப்பது, எதற்காக உழைத்தானோ அதனையே.

வள்ளுவரிடம் நமக்கு ஒரு மனக்குறையும் உண்டு. சுவரில் குறியிடும் விரல் பெண்ணின் விரலாகவே இருக்கிறது. வினைமேற் செல்வோன் ஆணாகவே இருக்கிறான். அக்கால அகமரபு அது. இன்று நம் பெண்மக்களும் வேலைக்காகத் தொலை நகரங்களுக்குச் செல்கின்றனர். வீட்டில் காத்திருப்பவர் தந்தையாகவோ கணவராகவோ இருக்கக் கூடும். பால் மாறினும் நாளின் கணக்கு மாறவில்லை.

நமக்குரிய பாடம்

மூன்று நாள்களையும் இணைத்துப் பார்த்தால் கிடைக்கும் கருத்து இது. என் நாள் குறுகியது என்கிறது அறத்துப்பால். அதனை வினைக்குப் பயன்படுத்து என்கிறது பொருட்பால். உனக்குக் குறுகிய அதே நாள் உனக்காகக் காத்திருப்பவர்க்கு நெடியது என்கிறது காமத்துப்பால். மூன்றாவதை விட்டு முதலிரண்டை மட்டும் கற்றவன் சிறந்த உழைப்பாளி ஆகலாம். நல்ல மகனாகவோ நல்ல துணைவனாகவோ ஆவான் என்பதற்கு உறுதி இல்லை. குறுகிய வாழ்வுக்குப் பயன் எது என்று கேட்பார்க்கு, பிறருடைய நாளை வீணே நீளவிடாமல் வாழ்வதும் ஒரு பயனே என்று குறள் விடை தருவதாக நாம் கொள்கிறோம்.

ஒரு காலத்தில் தந்திச் சேவகர் வந்தாலே வீடு நடுங்கும். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. இன்று கைபேசியில் முகமே தெரிகிறது. இதனால் காத்திருப்போரின் நாள் குறுகிவிட்டதா? முகம் பார்த்தபின்னும் ஊரில் உள்ள தாய் கேட்கும் கேள்வி மாறவில்லை. "எப்பப்பா வர்றே?" என்கிறாள். "பார்க்கலாம்மா" என்கிறோம். காலம் நீட்டித்தலை, கெட்டுப் போவார் விரும்பி ஏறும் கலங்கள் நான்கனுள் முதலாவதாக வள்ளுவர் வைத்தார் (605). நம் 'பார்க்கலாம்' அக்கலத்தைச் சேர்ந்ததே. அதைச் சொல்ல நமக்கு ஒரு நொடி போதும். கேட்டவர்க்கோ அடுத்த அழைப்பு வரும் வரை அதுவே நாள்காட்டி.

1269ஆம் குறளில் ஏங்குவோர்க்கு ஓர் ஆறுதலேனும் உண்டு. நெஞ்சில் வைத்துக்கொள்ள அவர்களுக்குத் திரும்பி 'வரும் நாள்' ஒன்று இருந்தது. நம்மவர் பலர்க்கு அதுவும் இல்லை. சுவரில் குறியிடுவதற்கும் எண்ணத் தொடங்க ஓரிடம், முடிக்க ஓரிடம் வேண்டும் அல்லவா? வேலையும் பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் நம்மைக் கட்டியிருப்பது மெய்யே. வேந்தன் வினை முடியாமல் அத்தலைவனும் புறப்படவில்லை. ஆயினும் அவன் பாசறையிலேயே வீட்டு மாலையை எண்ணத் தொடங்கிவிட்டான்.

இவ்வாண்டு நாள்காட்டியில் நாமும் ஒரு நாளைக் குறித்து வைப்போம். குறித்ததை நம் சுவரோடு விட்டுவிடாமல், அன்று மாலையே ஊரில் இருப்பவர்க்கும் சொல்லிவிடுவோம்.