கடனா, குற்றமா?

எங்கள் குடும்பம் தென்னிந்தியத் திருச்சபையை (சி.எஸ்.ஐ.) சேர்ந்தது. பெரியம்மாவை மட்டும் கத்தோலிக்க வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். விடுமுறைக்கு அவர் வந்தால் இரவு ஜெபத்தில் ஓரிடத்தில் மட்டும் குரல்கள் பிசகும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் நாங்கள் ‘கடன்’ என்போம். பெரியம்மா ‘குற்றம்’ என்பார். ஆமென் வரும்போது மறுபடி சேர்ந்துவிடுவோம். மத்தேயுவின் கிரேக்கத்தில் இருப்பது கடன்தான். லூக்காவில் பாவம் என்றே இருக்கிறது. மன்னிப்பைப் பற்றிச் சபைகள் பிரிந்து நிற்பதும் ஏறக்குறைய இந்தப் புள்ளியில்தான்: பாவம் தேவனுக்கு முன் நடந்த குற்றமா, பக்கத்து வீட்டுக்காரனுக்கு நான் வைத்திருக்கும் பாக்கியா?

கத்தோலிக்க மரபு இரண்டையும் பிடித்துக்கொண்டது. ஆண்டுக்கு ஒருமுறையாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. தமிழ் எழுத்தில் அச்சு 1578-இல் ‘தம்பிரான் வணக்க’த்தோடு கால்வைத்தது, இரண்டே ஆண்டில், 1580-இல், அந்நூலைத் தந்த அன்றிக்கே அடிகளார் பாவசங்கீர்த்தனத்துக்கென்றே ஒரு கையேட்டை அச்சிட்டார். முத்துக்குளித்துறைப் பரதவர் தங்கள் மனச்சாட்சியைத் தாய்மொழியிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற அக்கறை அது. பாவசங்கீர்த்தனத்துக்கு இன்று ஒப்புரவு அருட்சாதனம் என்று பெயர். சொன்னது கொலையே ஆனாலும் குரு வெளியே விடக் கூடாது. ஆனால் பலர் கவனிக்காத விதி வேறொன்று: திருடியவன் அழுதால் போதாது, பொருளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பறிகொடுத்தவனுக்குப் பதிலாக அந்தப் பாக்கியைத் தள்ளுபடி செய்யக் குருவுக்கு உரிமை கிடையாது. நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்ன ஆயக்காரன் சகேயுவின் கணக்கு இது.

பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்து 1517-இல் கிளம்பிய லுத்தர் பாவ அறிக்கையைத் தூக்கி எறிந்துவிடவில்லை; 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் அதற்கு இடம் கொடுத்தார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு கொண்டுவந்தது அந்த மரபு. பின்னால் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் தனி அறிக்கை தேய்ந்து, ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பொது அறிக்கையே மிஞ்சியது. இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. நானூறு பேர் ஒரே குரலில் பாவிகள் என்று ஒத்துக்கொள்ளும்போது, நான் வெட்டிச் சேர்த்துக்கொண்ட வரப்பு அந்தச் சத்தத்தில் கரைந்துபோகிறது. பெந்தெகொஸ்தே கூட்டங்களில் சாட்சி சொல்கிறவர் மைக்கைப் பிடித்துப் பெயர் சொல்லியே பாவத்தைச் சொல்வார். பெரும்பாலும் அது பழைய பாவமாக இருக்கும்.

கேரளத்துச் சுரியானிச் சபைகளில் பெரிய நோன்பின் முதல் திங்களன்று ‘சுப்கோனோ’ என்ற ஒப்புரவுச் சடங்கு நடக்கும். குருவும் சபையாரிடம் மன்னிப்புக் கேட்பார். கணக்கு அங்கே ஆளுக்கு ஆள் தீர்கிறது.

பகைவனை நேசிப்பதை உயிரைக் கொடுத்துக் காட்டியவர்கள், குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத அனாபாப்டிஸ்டுகள். 1569-இல் நெதர்லாந்தில் அவர்களில் ஒருவரான டிர்க் வில்லெம்ஸ் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீரைக் கடந்து ஓடினார். துரத்தியவன் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழ, திரும்பி வந்து கைகொடுத்துத் தூக்கினார். அதனாலேயே பிடிபட்டு எரிக்கப்பட்டார்.

மன்னித்தால் வழக்கை விட்டுவிட வேண்டுமா? 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் இரு மகன்களும் ஜீப்போடு எரிக்கப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொன்றவர்களை மன்னித்தார். சட்டம் தன் வேலையைச் செய்யட்டும் என்ற நிலையில் நின்றார். 2011-இல் உச்ச நீதிமன்றம் முதல் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. மன்னிப்பும் தீர்ப்பும் அங்கே ஒன்றையொன்று தள்ளிவிடவில்லை.

1947-இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை, திருவிருந்துக்கு முன் சமாதானத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் பழக்கத்தைச் சுரியானிகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. பீடத்தில் தொடங்கி வரிசை வரிசையாய் அது இறங்கிவரும். கூப்பிய கைகளை அடுத்தவர் தம் இரு கைகளுக்குள் வாங்கிக்கொள்வார். எங்கள் சபையில் கிணற்றடி நிலத்துக்காக ஏழு வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி, ஒரு ஞாயிறு தற்செயலாக ஒரே பெஞ்சில் அடுத்தடுத்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் கைக்கு வந்த சமாதானம் சற்றே நின்றது. பிறகு முகத்தைப் பார்க்காமலே கொடுத்தார். தம்பியும் வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை காலை அண்ணனே ஆள் கூட்டிப்போய் எல்லைக்கல்லைத் தோண்டி எடுத்தார். கல் மூன்று முழம் நகர்ந்து பழைய இடத்தில் இறங்கியது.