பேர் எழுத ரெண்டு பெட்டி

தமிழில் எச்டிஎம்எல் சொல்லித்தரும் பாடங்களைக் கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பதிவுகள், பிடிஎஃப்கள், வீடியோக்கள் எல்லாமே. அதன் பின்னால் இருக்கும் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தம் வேறு. ஃபார்ம் பாடம் வந்ததும் நான் பார்த்தவற்றில் முக்கால்வாசிக்கு முதல் உதாரணம் ஒன்றேதான்: 'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என்று ரெண்டு பெட்டி, ரெண்டிலும் 'ரிக்வயர்ட்'. விளக்கம் தமிழில் இருக்கிறது. ஆனால் அந்த ஃபார்மை நிரப்பப் போகிற ஆள் தமிழர் இல்லை.

நம்மில் நிறைய பேருக்கு இருப்பது ஒரு பேரும் ஓர் இனிஷியலும்தான். லாஸ்ட் நேமைக் காலியாக விட்டால் பிரவுசர் விடாது. இனிஷியலைப் போட்டால் 'குறைந்தது 2 எழுத்து' என்று முரண்டு பிடிக்கும். கடைசியில் அப்பா பேரைப் போடுவோம். அப்புறம் வருகிற மெயில் எல்லாம் அப்பாவுக்குத்தான் வணக்கம் சொல்லும். ஒரு கடையிலிருந்து எனக்கு வருஷக்கணக்காக அப்படித்தான் வருது.

மெயில் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் 'எஃப்என்யூ' என்று அச்சாகிறது. 'முதல் பேர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டோடு பார்வையாளராக வருகிறவர்களை உள்ளே விட மாட்டோம் என்றது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. பெட்டியைப் பிரிப்பது வெறும் டிசைன் சமாச்சாரம் இல்லை.

வேடிக்கை என்னன்னா, எச்டிஎம்எல் தரநிலையே இதற்கு எதிராகத்தான் பேசுகிறது. ஆட்டோகம்ப்ளீட் பற்றிய பகுதியில், பேரைத் துண்டு துண்டாகக் கேட்பது மேற்கத்தியச் சாய்வைக் காட்டும், ஒற்றைப் பேர் உள்ளவர்களும் இருக்கிறார்கள், ஒரே பெட்டியாக வைப்பதே நல்லது என்கிற பொருளில் அறிவுரை இருக்கிறது. பாடம் எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை போல.

அடுத்தது மெட்டா. இந்தப் பாடங்களில் அது தனி அத்தியாயம், ஃபார்முக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. அதிலும் பாதி இடத்தை 'கீவேர்ட்ஸ்' பிடித்துக்கொள்கிறது. தேடல் வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது! எழுத்துக் குறியீட்டைச் சொல்லும் 'சார்செட்' வரிக்குக் கிடைப்பது ஒரே வாக்கியம்: "இதையும் போட்டுக்கொள்ளுங்கள்."

ஏன் போட வேண்டும்? பக்கம் எந்தக் குறியீட்டில் இருக்கிறதோ, ஃபார்மில் அடித்ததும் வழக்கமாக அதே குறியீட்டில்தான் சர்வருக்குப் போகும். மெட்டாவிலோ சர்வர் அனுப்பும் ஹெட்டரிலோ யூடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால், பிரவுசர் பழைய மேற்கு ஐரோப்பியக் குறியீட்டை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஆங்கிலம் மட்டும் இருந்தால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பெட்டியில் தமிழில் அடித்தாலும் அழகாகத்தான் தெரியும். அனுப்பும்போதுதான் 'க' என்பது &#2965; ஆக மாறிப் போகும். ஒன்று ஏழாகிவிடுகிறது. 'கிருஷ்ணமூர்த்தி' நமக்கு 8 எழுத்து, யூனிகோடில் 15 குறிகள். இப்படிப் போனால் 105. டேட்டாபேஸில் 100 இடம்தான் ஒதுக்கியிருந்தால் மனுஷன் உள்ளே நுழையவே முடியாது. ஒரு மெட்டா வரி, அதுவும் பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஃபார்ம் பாடம் எப்படி முடியும்?

'மேக்ஸ்லெங்த்' கதையும் இதுதான். அது எண்ணுவது நம் எழுத்தை இல்லை, குறிகளை. 10 என்று வைத்தால் நம்மாள் 'கிருஷ்ணமூர' என்று பாதியில் நிற்பார். இனிஷியலுக்கு 'மின்லெங்த்' 2 என்றால் 'கோ' தேறும், 'ம' தேறாது.

'பேட்டர்ன்' பற்றி ஒன்று சொல்லியே ஆகணும். ஆங்கில எழுத்து மட்டும் என்று வைப்பவர்களை விட்டுவிடுவோம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடின் 'எழுத்து' வகையை மட்டும் வைப்பார்கள். அதில் புள்ளியும் உயிர்க்குறிகளும் சேராது, அவை 'குறி' என்கிற தனி வகை. ஆக 'சரவணன' என்று புள்ளியில்லாமல் எழுதினால் விடும், 'சரவணன்' என்றால் தப்பு என்கும். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காத காலத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. 'குறி' வகை, இடைவெளி, இனிஷியலுக்கான முற்றுப்புள்ளி மூன்றையும் சேர்த்தால்தான் சரியாகும். பேருக்குப் பேட்டர்னே வேண்டாம் என்பது என் கட்சி.

பாடம் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் உதாரணத்தில் மேலே சார்செட் வரி, கீழே 'பேர்' என்று ஒரே பெட்டி. மாணவர் தன் தாத்தா பேரை இனிஷியலோடு தமிழில் அடித்து அனுப்பட்டும், சர்வரில் என்ன வந்து விழுந்தது என்று திறந்து பார்க்கட்டும். லாஸ்ட் நேம் கேட்கிற ஃபார்ம் எட்டாவது பாடத்தில் வந்தால் போதும்.