உளி தொடாத இடம்

புடைப்பு அச்சில் உளி தொட்ட இடம் வெள்ளையாகும்; தொடாது விட்ட மேடே மையேற்கும். ‘வி’ வாய் உளி மெல்லிய கோடிழுக்கும், ‘யு’ வாய் உளி அகலத் தோண்டும். இயந்திரமும் வேண்டா, உருளையால் மை தடவித் தாளிட்டுக் கரண்டி முதுகால் தேய்த்தாலே படம் பதியும். வறியவர்க்கும் எட்டும் கலை!

வங்கத்துச் சித்தபிரசாத் 1950களில் உழைக்கும் சிறுவரை லினோலியத்தில் செதுக்கினார். 1969இல் நூலான அவ்வரிசைக்கு ‘தேவதைக் கதைகளற்ற தேவதைகள்’ என்று பெயர். அக்கருமை எவரிடமும் இரக்கம் யாசிப்பதில்லை, குற்றஞ்சாட்டுகிறது.

பதுளையில் என் மாணவர் செதுக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணோ, தேயிலைப் பெட்டிப் படத்துச் சிரிப்போடு நிற்கிறாள். கூடைக் கயிறு தலையில் அழுந்திய தடம் எங்கே? லயத்தில் அன்றாடம் அதைக் காணும் பிள்ளைகளே உளியால் அகற்றிவிட்டனர். அடுத்த பலகையில் முதலில் அக்கயிற்றை வரைந்து வரச் சொல்லியிருக்கிறேன்.