இரண்டாம் தவில் யார்?: யாழ்ப்பாணத்து மேள ரசிகர்கள்

யாழ்ப்பாணத்தில் திருவிழா விஞ்ஞாபனம் கைக்கு வந்ததும் பூசை நேரங்களையும் உபயகாரர் பெயர்களையும் தாண்டி, மேளம் யாரென்று முதலில் பார்க்கிற ஒரு கூட்டம் தலைமுறைகளாக உண்டு. நாதஸ்வரக்காரரின் பெயர் மட்டும் அவர்களுக்குப் போதாது. தவில் யார், இரண்டாம் தவில் யார் என்பது தெரிந்த பிறகுதான் போவதா விடுவதா என்று தீர்மானிப்பார்கள். செற், அதாவது சேர்ந்து வாசிக்கும் கூட்டு, நல்லதாக அமைந்துவிட்டால் ராத்திரியென்றும் பாராமல் ஊர் கடந்து சைக்கிள் மிதித்துப் போய், விடியும்வரை வீதியில் மணலில் இருந்து கேட்பார்கள். ஈழத்து மேள மரபைப் பற்றி எழுதப்பட்டதைவிட இவர்கள் கதைத்ததுதான் அதிகம். அந்தக் கதைகளை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கதை எங்கே தொடங்கினாலும் தவில் கலைஞர் தெட்சணாமூர்த்தியிடம் வந்து நிற்கும். 1933இல் இணுவிலில், தவில் வித்துவான் விஸ்வலிங்கத்தின் மகனாகப் பிறந்தவர்; அளவெட்டியில் வாழ்ந்தவர்; தமிழ்நாட்டு மேடைகளிலும் கொண்டாடப்பட்டவர். 1975இல் மறைந்தபோது வயது 41. தவிலின் ஒரு பக்கத்தைக் கழி கொண்டும், மறுபக்கத்தை விரல்களில் கூடு மாட்டியும் அடிப்பார்கள். இரண்டு கைக்கும் நடுவே அவர் வைத்த இடைவெளிகளைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசக்கூடிய ரசிகர்கள் இருந்தார்கள். எத்தனை வேகத்திலும் தவில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகக் காதில் விழும் என்பதே அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது. மங்கிப்போன ஒலிப்பதிவுகளிலும் அது கேட்கிறது. அவரைப் பற்றி அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருதைப் பெற்ற பிறகு, அவரை அறியாத தலைமுறையும் தேடிக் கேட்கத் தொடங்கியது.

இசைத்தட்டு நிறுவனங்கள் செய்யாததை ரசிகர்களே செய்தார்கள். ரேப் றெக்கோடரைத் தூக்கிக்கொண்டு கோயில் வீதிக்குப் போனார்கள். ஒரு கசெற்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று பிரதி பெருகியது. ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சலும் கூடியது. 1990இல் போரால் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி வருவதும் தடைப்பட்டது. சைக்கிளை நிறுத்திவைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலியும் கசெற்றும் பாடிய காலம் அது. மிதிப்பவர் களைத்தால் சுருதி இறங்கும். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, கையில் எடுக்க முடிந்தவற்றுள் கசெற்றுப் பெட்டி இருந்த வீடுகள் மிகச் சிலவாகத்தான் இருக்கும்.

செற் மாறுவதே ரசிகர் பேச்சின் உயிர். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்குத் தெட்சணாமூர்த்தியின் தவில் சேர்ந்த இரவுகள் பற்றிய பேச்சு, பத்மநாதன் 2003இல் மறைந்த பின்னும் ஓயவில்லை. கோண்டாவில் கானமூர்த்தி – பஞ்சமூர்த்தி நாதஸ்வரச் சகோதரர்களுக்கென்று தனிக் கட்சி இருந்தது. இன்று நாதஸ்வரத்தில் பஞ்சமூர்த்தி குமரனுக்கும் பி.எஸ். பாலமுருகனுக்கும் கடல் கடந்தும் ரசிகர்கள் உண்டு. இப்போது செற்றைப் பிரிப்பது பெரும்பாலும் விமானச்சீட்டுத்தான். ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஈழத்தவர் கோயில்கள் கோடையில் கொடியேற்றுகின்றன. நல்லூர்த் திருவிழாவும் அதை ஒட்டியே வருகிறது. ஒருவருக்கு விசா கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காவிட்டால், வருடக்கணக்காகச் சேர்ந்து வாசித்த இருவர் அந்தப் பருவம் முழுவதும் வேறு வேறு ஆட்களோடு வாசிக்க நேர்கிறது.

நடுச்சாமத்துக்குப் பிறகு சினிமாப் பாட்டு வாசிப்பது சரியா என்ற சண்டை பழையது. எனக்கு அதில் பெரிய மனத்தாங்கல் இல்லை. மல்லாரியும் நிதானமான ராக ஆலாபனையும் முன்னிரவில் முறையாக வந்துவிட்டால், பின்னிரவில் பிள்ளைகள் கேட்கிற பாட்டை வாசிக்கட்டும். ஆலாபனையைச் சுருக்கிவிட்டுத் தனித்தவிலுக்கு விரைவதுதான் என்னை வருத்துகிறது. இதற்கு ரசிகர்களும் பொறுப்பு. தெட்சணாமூர்த்தி விட்டுச்சென்ற மயக்கத்தில் நம்மவர்கள் தவிலைக் கேட்டார்கள். நாதஸ்வரம் ஊதியவரின் மூச்சைப் போதிய அளவு கேட்கவில்லை. தோடி ராகத்தை மணிக்கணக்காக விரித்த கலைஞர்களைப் பற்றி எஞ்சியிருக்கும் பேச்சு வெகு குறைவு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கலைஞரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ஊர், அவரைச் சாதியின் பெயரால் வாசலோடு நிறுத்தியும் இருக்கிறது. வாசிப்பைப் பற்றி அத்தனை நுணுக்கமாகப் பேசிய ரசிகர்கள் இதைப் பற்றி அநேகமாக வாய்திறக்கவில்லை.

எஞ்சிய கசெற்றுகளின் உறைகளில் கோயிலின் பெயரும் நாதஸ்வரக்காரரின் பெயரும் பேனாவால் எழுதியிருக்கும். இரண்டாம் தவிலும் தாளமும் யாரென்று பெரும்பாலும் இராது. கழி விழுகிற விதத்தைக் கேட்டே ஆளைச் சொல்லக்கூடிய ரசிகர்கள் இணுவிலிலும் அளவெட்டியிலும் கோண்டாவிலிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எல்லோரும் முதியவர்கள். ஒலிப்பதிவுகளை எண்ணிம வடிவத்துக்கு மாற்றுகிறவர்கள் கருவியை மட்டும் கொண்டுபோனால் போதாது. அந்த முதியவர்களை இருத்தி, கசெற்றைப் போட்டுக் கேட்கச் செய்து, அந்தப் பெயர்களை எழுதி வாங்கும் வேலையை இந்த வருடமே தொடங்க வேண்டும்.