தேவை பூத்த ஊர்

போலந்தின் தென்கோடியில், கிராக்கோவ் நகரத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, தாத்ரா மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது ஸாகோபானே. குளிர்கால விடுமுறை என்றதும் போலந்துக்காரர்கள் வாயில் முதலில் வரும் ஊர். பனிச்சறுக்கு விளையாட ஒரு கூட்டம் வரும். ஜனவரியில் சறுக்குத் தாவல் போட்டி பார்க்க இன்னொரு கூட்டம் வரும். ஆனால் நீண்ட சறுக்குச் சரிவுகளுக்கும் உயர்ந்த சிகரங்களுக்கும் ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் இருக்கிறது. ஸாகோபானேயின் தனிச்சொத்து, அந்த மலைவாசிகளான குராலே மக்களின் கைவேலை. அதில் ஒரு விசேஷம் உண்டு. இங்கே அலங்காரமாகத் தெரிகிறவற்றைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் ஒரு வேலை தெரியும்: குளிரோ, காற்றோ, பனியின் பாரமோ மனிதனுக்கு வைத்த வேலை. முதலில் அந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறார்கள். செய்து முடித்த இடத்திலேயே அழகையும் வைத்திருக்கிறார்கள்.

சுவரிலிருந்து தொடங்கலாம். ஊரின் பழைய தெருவான கோஷ்சியெலிஸ்காவில் நடந்தால் மரவீடுகள் அடுத்தடுத்து வரும். நெடுக்காகப் பிளந்த பருத்த மரத்தடிகளைப் படுக்கையாக அடுக்கி, மூலைகளில் ஒன்றையொன்று கவ்வும்படி வெட்டிக் கோத்த சுவர்கள். தடிக்கும் தடிக்கும் நடுவே இடுக்கு விழாமல் இருக்காது. குளிர்காற்று நுழைவதும் அங்கேதான். முற்காலத்தில் அந்த இடுக்கில் பாசியைத் திணித்தார்கள். பிறகு மெல்லிய மரச்சீவலை முறுக்கிப் பின்னி அடைக்கும் வழக்கம் வந்தது. எண்ணெய் தடவி இழுத்துப் பின்னிய சடையைப் போல் அந்தச் சீவல், சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஓடுகிறது. தடியின் தேன்நிறம், சீவலின் வெளிர்நிறம், மறுபடி தடி, மறுபடி சீவல். வெளியே பனி வெள்ளையாகக் கிடக்கும்போது இந்தக் கோடுகளின் கதகதப்பு இன்னும் கூடித் தெரியும். காற்றை அடைக்கச் செய்த காரியம் என்று சொன்னாலொழிய, சுவருக்குக் கரை போட்டிருக்கிறார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்.

ஊருக்கு வடமேற்கே ஹொஹொவூஃப் என்ற கிராமத்தில் இந்தச் சுவர்களுக்கு இன்னொரு உபசாரமும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை வீட்டுப் பெண்கள் சோப்பும் தூரிகையுமாக மரச்சுவர்களைத் தேய்த்துக் கழுவுவார்கள். வெயிலும் மழையும் பட்ட மரம் நாளடைவில் கறுக்கும். கழுவிய மரம் வெளுப்பு மாறாமல் நிற்கும். நூறு ஆண்டு தாண்டிய வீடு நேற்றுத்தான் தச்சன் கையிலிருந்து இறங்கியது என்று தோன்றுவதன் ரகசியம் அதுதான்.

வாசலுக்கு வருவோம். நிலையின் மேற்பக்கம் வளைவாக இருக்கும். அந்த வளைவின் துண்டுகளைப் பிடித்து நிறுத்த மரமுளைகள் அடித்திருப்பார்கள். முளையின் தலை வெளியே தெரியத்தான் செய்யும். தெரிவது தெரியட்டும் என்று அவற்றை வரிசை பிசகாமல் நிறுத்தி, தலையைச் செதுக்கி, முளைகளையே வாசலுக்குத் தோரணமாக்கிவிட்டார்கள். உள்ளே நுழைந்து அண்ணாந்தால் மேல்தளத்தைத் தாங்கும் பெரிய உத்தரம். அதன் நடுவில் ஆறிதழ் மலர் ஒன்றை வட்டத்துக்குள் செதுக்கி, பக்கத்தில் வீடு கட்டிய ஆண்டையும் கட்டியவர் பெயரையும் வெட்டியிருப்பார்கள். மேல்தளத்தின் பாரம் இறங்கும் மரத்தில்தான் கட்டியவர் பெயரும் பூவும் இருக்க வேண்டும் என்று நினைத்த மனசை என்ன சொல்வது! இதே இடத்தில் பூ வரைந்த தாளை ஒட்டியிருந்தாலும் அழகுதான்; ஆனால் அந்த அழகுக்கு வீட்டோடு உறவு இருக்காது.

கூரை செங்குத்தாக இறங்குகிறது. தட்டையாக இருந்தால் பனி தங்கி வீட்டை அமுக்கிவிடும். சரிவு அதிகமானதால் முகப்பில் பெரிய முக்கோணம் கிடைத்தது. அதில் பலகைகளைக் கதிர்களாகப் பரப்பி உதயசூரியனை வைத்தார்கள். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே வெளிச்சம் விடைபெறும் ஊரில், வீட்டு நெற்றியில் சூரியன் இருப்பது நியாயம்தானே.

இந்த வீடுகளுக்குள் இவ்வளவு இருக்கிறது என்று படித்த உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஸ்டானிஸ்வாவ் வித்கியெவிச். ஓவியர், விமர்சகர். 1886-ல் முதலில் வந்தார்; 1890-ல் குடியேறினார். அப்போது ஊர் ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. வார்சாவிலிருந்து வந்த மருத்துவர் டிடுஸ் ஹவுபின்ஸ்கி மலைக்காற்றின் பெருமையைப் பரப்பியதில் வசதியானவர்கள் வந்து சுவிஸ் பாணியிலும் டிரோல் பாணியிலும் பங்களாக்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1876-ல் தொடங்கிய மரவேலைப் பள்ளியும் வெளியூர் வடிவங்களையே கற்றுக்கொடுத்தது. குராலே குடிசைக்குள்ளேயே முழுமையான ஒரு கட்டடக் கலை இருக்கும்போது கடன் எதற்கு என்று கேட்டார் வித்கியெவிச். கேட்டதோடு நிற்காமல் வரைந்தும் காட்டினார். 1890-களின் தொடக்கத்தில் எழுந்த ‘கொலிபா’ மாளிகை அந்த ஸாகோபானே பாணியின் முதல் வீடு. இன்று அதுவே அந்தப் பாணிக்கான அருங்காட்சியகம். 1897-ல் வந்த ‘டோம் போட் யெட்லாமி’ இன்னும் பெரிது: கல் அடித்தளம், அடுக்கடுக்காகக் கூரைகள், மாடங்கள். குடிசையின் இலக்கணத்தை வைத்துக்கொண்டு காவியம் எழுதிப் பார்த்திருக்கிறார்.

எனக்குப் பிடித்தது யஷ்சுரூஃப்கா பகுதியில் அவர் வடிவமைத்த சிறு மரக்கோயில். 1904-க்கும் 1907-க்கும் இடையில் கட்டியது. வெளியே பார்த்தால் சற்றுப் பெரிய மலைவீடு. உள்ளே பலிபீடத்தின் வடிவத்தைக் கவனியுங்கள்: அதுவும் ஒரு மலைவீட்டின் முகப்பு. வீட்டுக்குள் கோயில், கோயிலுக்குள் வீடு என்று ஒன்றுக்குள் ஒன்றை வைத்துவிட்டார். கடவுளும் இங்கே மார்கழிக் குளிரில் ஒரு குராலே குடும்பத்தோடுதான் தங்குகிறார் என்று சொல்ல, அவருக்குப் பிரசங்கம் தேவைப்படவில்லை, தச்சுவேலை போதுமாயிருந்தது.

துணியிலும் இதே கதைதான். குராலே ஆண்களின் கால்சட்டை தடித்த வெள்ளைக் கம்பளியால் ஆனது. தொடையின் மேற்பகுதியில் இரண்டு பக்கமும் துணியைப் பிளந்து வைப்பார்கள். பிளந்த இடத்தில் நூல் பிரியும். அது பிரியாமலிருக்க ஓரத்தில் கயிறு வைத்து வளைத்துத் தைத்தார்கள். வளைவு இரண்டானது, மூன்றானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிறக் கம்பளி நூல்கள் சேர்ந்தன. ஓரத் தையல் கடைசியில் இதய வடிவ எம்பிராய்டரியாக மலர்ந்தது. அதன் பெயர் பாஷெனிட்சா. இப்போது அது மலைநாட்டின் சின்னமாகி அஞ்சலட்டையிலும் கோப்பையிலும் தனியே உலவுகிறது. ஆனாலும் அதை அதன் இடத்தில், கால்சட்டைப் பிளவின் ஓரத்தில் பார்க்க வேண்டும். கிழிசலைத் தடுத்த தையல் என்று தெரிந்தபின் அந்தச் சிவப்பும் நீலமும் இன்னும் இனிக்கும்.

வீட்டுச் சுவரில் மாட்டும் கண்ணாடி ஓவியங்களையும் விட்டுவிடக் கூடாது. புனிதர்கள் இருப்பார்கள், அவர்களுக்குச் சமமான மரியாதையோடு, பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் கொள்ளைக்காரன் யானோஷிக்கும் இருப்பான். கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைவதால் வரிசை தலைகீழ். கண்ணின் கருமணி, மீசையின் கோடு, பொத்தான் எல்லாம் முதலில், சட்டையின் நிறம் அடுத்து, வானம் கடைசியில். பிழை நேர்ந்தால் மேலே பூசி மறைக்க வழியில்லை. முடிவை முழுக்க மனத்தில் கண்டபிறகே முதல் கோடு விழ வேண்டும். இதிலும் ஒரு வீட்டு லாபம் உண்டு: அடுப்புப் புகை படியும் அறையில் நிறங்களைக் கண்ணாடியே காக்கிறது. ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் யானோஷிக் மறுபடி பளிச்சென்று வந்து நிற்பான்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஊரெங்கும் தெருவோரக் கடைகளில் பழுப்புப் பொன் நிறத்தில், இரு முனையும் கூம்பிய கதிர் வடிவில் அடுக்கியிருக்கும் பாலாடைக்கட்டி ஓஸ்சிபெக். மலைமேய்ச்சல் குடிலில் தலைமை இடையரான பட்சா அதைச் செய்கிறார். செம்மறியாட்டுப்பாலைத் திரித்து, தயிர்க்கட்டியைக் கையால் பிழிந்து, வெந்நீரில் முக்கி முக்கிப் பிசைந்து உருட்டுவார். நடுவில் செதுக்கு வேலை செய்த மரவளையத்தைப் பூட்டி அழுத்துவார். வளையத்தின் கோலம் அப்படியே கட்டியில் பதியும். பிறகு உப்புநீரில் ஊறல். அதன்பின் குடிலின் கூரைக்கடியில் நாள்கணக்கில் விறகுப்புகை. உப்பும் புகையும் பாலைக் கெடாமல் காக்கும் வேலைக்காரர்கள். அவர்கள் கூலியாக விட்டுப்போனதுதான் ருசி. மெல்லும்போது பல்லில் லேசாகக் கீச்சிடும். அனலில் வாட்டி, மேலே கிரான்பெர்ரி ஜாம் வைத்துத் தருவார்கள்: உப்பு, புகை, புளிப்பு, இனிப்பு, நான்கும் ஒரே வாயில்.

2008 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இந்தப் பெயரைக் காக்கிறது. குறைந்தது 60 சதவீதம் செம்மறியாட்டுப்பால், 17 முதல் 23 சென்டிமீட்டர் நீளம், 600 முதல் 800 கிராம் எடை என்று கணக்கு உண்டு. ஆடுகள் கோடையில்தான் மலைமேய்ச்சலில் பால் தரும். ஆகையால் பனிக்காலக் கடையில் அதே வடிவத்தில் மின்னுவது பெரும்பாலும் பசும்பாலில் செய்த உறவுக்காரன். ருசி மோசமில்லை. ஆனால் அசலின் காட்டமும் புல்வாசமும் வேண்டுபவர் வேறு பருவத்தில் வர வேண்டும்.

பனிக்காலத்துக்கு ஏற்றது க்வாஷ்னிட்சா. புளிக்கவைத்த முட்டைக்கோசையும் அதன் சாற்றையும் எலும்புக்கறியோடு கொதிக்கவைத்த சூப். காய்கறி முளைக்காத மாதங்களுக்காகப் பீப்பாயில் சேமித்த கோசு, புளித்த பிறகே தன் குணத்தைக் காட்டுகிறது. கூடவே மோஸ்கோல்: உருளைக்கிழங்கு பிசைந்து அடுப்புத் தகட்டில் சுட்ட தடித்த ரொட்டி, மேலே பூண்டு வெண்ணெய்.

உணவகத்தின் மூலையில் வயலின்கள் எழும்பும். குராலே இசைக்குழு சிறியது: முன்னால் செல்லும் ஒரு வயலின், தாளத்தை அழுத்திப் பிடிக்கும் துணை வயலின்கள், மூன்று தந்திகள் கொண்ட சிறு பாஸ். ராகம் தெரிந்த காது முதல் வரியிலேயே நிமிரும். மத்திமம் ஏறியிருக்கிறது! கல்யாணியில் பிரதி மத்திமம் நிற்கும் இடம். ஐரோப்பியப் பாட்டில் அதை எதிர்பார்க்காத காதுக்கு அது ஒரு சின்னக் கிள்ளல். கமகம் இல்லை, சுரம் நேராக, கூராக வந்து நிற்கும். பாடுகிறவர்கள் உச்சத்தில் தொடங்கிக் கீழே இறங்குவார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வேறு சுரங்களில் சேர்வார்கள். குரலில் மென்மை தேடினால் ஏமாற்றம்தான். இது திறந்தவெளிக் குரல். ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்குப் போய்ச் சேர வேண்டிய குரல். இந்த இசையில் மனம் பறிகொடுத்தவர் இசையமைப்பாளர் காரோல் ஷிமானோவ்ஸ்கி. 1930-களில் இங்கே ‘ஆத்மா’ என்ற வீட்டில் வாழ்ந்தார். ‘ஹார்னாஷியே’ என்ற பாலேயில் இந்த மலைமெட்டுகளைப் பெரிய இசைக்குழுவின் மேடைக்கு ஏற்றினார்.

வெளியே குதிரைவண்டிச் சவாரி காத்திருக்கும். சக்கரமில்லாத வண்டி, பனிமேல் வழுக்கிப் போகும். குலிக் என்பார்கள். தீப்பந்தங்கள், ஆட்டுத்தோல் போர்வை, காட்டோரத்தில் நெருப்பு மூட்டி வாட்டித் தின்னும் சாசேஜ் எல்லாம் உண்டு. நான் காதில் வாங்கிக்கொள்ளச் சொல்வது குதிரையின் மணியை. பனியில் ஓடும் வண்டிக்குச் சத்தமே கிடையாது. எதிரே வருகிறவனுக்குத் தெரியாது. அதற்காகக் கட்டிய மணி அது. எச்சரிக்கைதான், ஆனால் சுருதி பார்த்துக் கட்டிய எச்சரிக்கை.

சில நாள்களில் தெற்கிலிருந்து ஹல்னி என்ற காற்று இறங்கும். மலையைத் தாண்டி வரும்போது சூடேறி, உறுமிக்கொண்டு, பனியைக் கரைத்துவிடும். 2013 கிறிஸ்துமஸ் அன்று வீசியதில் காடுகளில் மரங்கள் கூட்டங்கூட்டமாகச் சாய்ந்தன. இடுக்கில் முறுக்கிய சீவலையும் மூலையில் கவ்விய தடிகளையும் அந்த இரவுகளில் யாரும் அலங்காரம் என்று சொல்வதில்லை.

கடைசியாகக் கடைத்தெரு, க்ருபூஃப்கி. பிளாஸ்டிக் கைக்கோடரி, எங்கோ தைத்த கம்பளிச் செருப்பு, பாஷெனிட்சா அச்சடித்த பனியன் என்று கண்ணைப் பறிக்கும். எல்லாவற்றையும் போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை. அங்கேயே நல்ல கம்பளியும் நல்ல மரக்கரண்டியும் கிடைக்கும். பிரித்தறிய இந்த ஊரின் சுவர்களே ஒரு கேள்வியைக் கற்றுத்தந்திருக்கின்றன. கையிலெடுத்த பொருளின் அழகான பகுதியைத் தொட்டு, “நீ இங்கே என்ன வேலை பார்க்கிறாய்?” என்று கேளுங்கள். பதில் சொன்னால் விலையைப் பாராமல் வாங்கலாம். பதில் இல்லையென்றால் பேரம்கூடப் பேச வேண்டாம்.