கேப்டனின் கண்ணீர், சப்ளையரின் ஸ்டிரைக்

1966இல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’, தொடருக்குப் பின் தொடராகக் கிளைத்து நூற்றுக்கணக்கான கதைகளாகப் பெருகிவிட்ட ஒரு விண்வெளிப் புராணம். புராணம் என்று ஆனபின் அதற்கொரு திருப்பட்டியலும் வேணுமே, வந்துவிட்டது. ‘ஆகச் சிறந்த பத்து’ என்று ரசிகர்களும் பத்திரிகைகளும் போடும் பட்டியல்களில் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இந்தத் தேர்வை இயக்கும் மதிப்பீடு எது என்பதுதான் என் கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதிகாரத்தில் இருப்பவன் மனம் நொந்து நிற்கும் பிரதி ‘மகத்தானது’ ஆகிறது. கூலிக்கு உழைப்பவன் நிமிர்ந்து நிற்கும் பிரதி ‘தமாஷ்’ என்று ஒதுக்கப்படுகிறது.

பட்டியல்களின் உச்சியில் இருப்பது ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’. ஹார்லன் எல்லிசன் எழுதி, பிறர் கைபட்டுத் திருத்தப்பட்டு, 1967 ஏப்ரல் 6ஆம் தேதி ஒளிபரப்பானது. 1968இல் ஹ்யூகோ விருதும் பெற்றது. காலத்தில் பின்னோக்கிப் போகும் கேப்டன் கிர்க், பொருளாதாரப் பெருமந்த கால நியூயார்க்கில் ஏழைகளுக்குச் சூப்பு ஊற்றும் எடித் கீலர் என்ற பெண்ணைக் காதலிக்கிறான். அவள் உயிரோடிருந்தால் அவளுடைய சமாதான இயக்கம் வளர்ந்து, அமெரிக்கா போரில் இறங்குவது தள்ளிப்போய், ஜெர்மனி அணுகுண்டு செய்து உலகை வென்றுவிடும். ஆகவே அவள் வண்டியில் அடிபட்டுச் சாகக் கிர்க் விட்டுவிட வேண்டும். விட்டுவிடுகிறான். முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நாமும் உருகிவிடுகிறோம்.

உருகட்டும், ஆனால் தேதியைப் பார்க்கணும். இந்த ஒளிபரப்புக்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 4 அன்று, அதே நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியிருந்தார். இது திட்டமிட்ட பொருத்தம் இல்லை, தற்செயல். ஆனால் ஒரு பிரதி என்ன பேசுகிறது என்பதை எழுதியவன் மட்டுமா தீர்மானிக்கிறான்? சமாதானம் பேசுபவள் சொல்வது சரி, ஆனால் காலம் தப்பிச் சொல்கிறாள், ஆகவே சாகத்தான் வேண்டும் என்கிற கதையாடல் அந்த வாரத்து அமெரிக்காவில் அப்பாவித்தனமாக ஒலித்திருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. அதே கதையில் தெருவில் கிடக்கும் ஒரு நாடோடி, எதிர்காலத்திலிருந்து வந்த மருத்துவனின் துப்பாக்கியைத் திருடி, அதைத் தெரியாமல் அழுத்தித் தானே ஆவியாகிப் போகிறான். அவன் சாவால் வரலாற்றில் ஒரு துரும்புகூட அசையவில்லை. கீலர் பிழைத்தால் உலகமே கவிழும், அவன் செத்தால் கேட்க நாதியில்லை. ‘வரலாறு’ என்று இந்தக் கதை எதைச் சொல்கிறது என்பதை இந்த ஒரு காட்சி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இரண்டாவது, ‘டீப் ஸ்பேஸ் நைன்’ (1993–1999) தொடரில் 1998 ஏப்ரலில் வந்த ‘இன் தி பேல் மூன்லைட்’. ஒரு விண்வெளி நிலையத்தின் தலைவன் சிஸ்கோ. அவனுடைய பெடரேஷன் அரசு போரில் தோற்றுக்கொண்டிருக்கிறது. நடுநிலை வகிக்கும் ரோமுலன்களை உள்ளே இழுக்கப் போலிச் சாட்சியம் தயாரிக்கிறான். தூக்கை எதிர்நோக்கியிருந்த ஒரு மோசடிக்காரனைச் சிறையிலிருந்து மீட்டு, அவனைக் கொண்டு போலியைச் செய்விக்கிறான். கடைசியில் அந்த மோசடிக்காரனும் ஒரு ரோமுலன் செனட்டரும் கொல்லப்படுகிறார்கள். போர் திசை மாறுகிறது. இதையெல்லாம் சிஸ்கோ நம் முகத்தைப் பார்த்தே ஒப்புக்கொள்கிறான். பிறகு அந்தப் பதிவை அழிக்கச் சொல்கிறான்.

ஏவரி ப்ரூக்ஸின் நடிப்பை யாரும் குறைசொல்ல முடியாது. சிக்கல் இந்த வடிவத்தில் இருக்கிறது. அழிக்கப்பட்ட பாவமன்னிப்புப் பிரதிக்கு எஞ்சியிருக்கும் ஒரே வாசகர் நாம். அவன் நம்மிடம் தண்டனை கேட்கவில்லை, அனுதாபம் கேட்கிறான். கொடுத்தும் விடுகிறோம். கொலைகள் ஒரு மனசாட்சியின் உள்ளறை நாடகமாகச் சுருங்கிவிடுகின்றன. செத்த மோசடிக்காரனுக்காக யார் அழுதார்கள்? அவனும் அந்த நியூயார்க் நாடோடியின் வம்சம்தான்.

இப்போது அதே நிலையத்தில், அதே தொடரில், இரண்டு வருஷம் முன்னால் 1996 பிப்ரவரியில் வந்த ‘பார் அசோசியேஷன்’ கதைக்கு வருகிறேன். மகத்தான பத்தில் இதைத் தேடாதீர்கள், கிடைக்காது. க்வார்க் நடத்தும் மதுக்கடையில் அவன் தம்பி ராமே வேலைக்காரன். காதில் சீழ்பிடித்தாலும் லீவு கிடையாது. வியாபாரம் மந்தம் என்று சொல்லி க்வார்க் சம்பளத்தை வெட்டுகிறான். ராம் சங்கம் அமைக்கிறான். சங்கம் என்பதே அவர்களது ஃபெரெங்கி இனத்தில் சட்டவிரோதம். ஸ்டிரைக் நடக்கிறது. சப்ளையர்களுக்குப் பதிலாக முதலாளி தன் உருவத்திலேயே ஒளிப்பிம்பங்களை இறக்குகிறான். எந்திரமயமாக்கம் பற்றி இதைவிடக் கூர்மையான கேலிச்சித்திரம் நான் பார்த்ததில்லை: உழைப்பாளியே இல்லாத, எங்கும் தானே நிறைந்த ஒரு கடை, முதலாளியின் கனவு அதுதானே! அந்தப் பிம்பங்கள் தட்டுகளைக் கவிழ்த்துத் தொலைக்கின்றன.

கதை இன்னும் உள்ளே போகிறது. தன் இனத்துத் தொழிலாளி சுரண்டலை ஒழிக்க விரும்புவதில்லை, தானும் ஒருநாள் சுரண்டுபவனாகவே விரும்புகிறான் என்று ராமே சொல்கிறான். கருத்தியல் எப்படித் தன்னிலையை ஆக்குகிறது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை ஒரு சப்ளையர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறான். பணமே இல்லாத சமூகம் என்று பீற்றிக்கொள்ளும் பெடரேஷனின் சிஸ்கோ, தம்பியோடு சமரசத்துக்கு வா, இல்லையென்றால் இத்தனை வருஷமாகக் கேட்காமல் விட்ட வாடகையை வசூலிப்பேன் என்று க்வார்க்கை மிரட்டுகிறான். ஆக, பணமில்லா சொர்க்கத்திலும் வாடகைக் கணக்கு ஒன்று ஓரமாக ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. கோரிக்கைகள் ஸ்டிரைக்கின் பலத்தால் மட்டும் நிறைவேறவில்லை. ஃபெரெங்கி அதிகாரி ஏவிய அடியாட்கள் க்வார்க்கை நொறுக்கியபிறகே அவன் இறங்கி வருகிறான். அதுவும் ரகசியமாக. வெளியே சங்கம் கலைந்ததாகச் சொல்லியாக வேண்டும். ஃபெரெங்கிகளைச் சித்திரித்த விதமே யூத வெறுப்பின் பழைய கேலிச்சித்திரங்களைக் கடன் வாங்கியது என்ற குற்றச்சாட்டும் நியாயமானது. ஆனாலும் ராம் திரும்பக் கடைக்குப் போவதில்லை. நிலையத்தில் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறான். யாரும் கண்ணீர் விடவில்லை. ஒருத்தன் வேலையை மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான்.

அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது தொல்காப்பியம். உயர்ந்தோருக்குத் துன்பியல், மற்றவருக்கு நகைப்பு என்று பிரித்தது கிரேக்கக் கவிதையியல். இருபத்துநான்காம் நூற்றாண்டைக் கற்பனை செய்த தொலைக்காட்சியும் அந்த வரப்பைத் தாண்டவில்லை. தாண்ட முயன்ற ஒரு கதையையும் ரசிகர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். கேப்டனின் கண்ணீரை எடைபோட நம்மிடம் தராசு இருக்கிறது. சப்ளையரின் சீழ்பிடித்த காதை எடைபோட இன்னும் செய்யவில்லை. அதைச் செய்வதுதான் விமர்சனத்தின் வேலை.