பாம்பின் வாய்ப்பட்ட மதி

‘அலரறிவுறுத்தல்’ அதிகாரத்தில், ஒருநாட் காட்சி ஊர் முழுதும் அலரானதைக் கூறவரும் தலைவி (குறள் 1146), மதியைப் பாம்பு பற்றிய நிகழ்ச்சியை உவமையாக்குகிறாள். இவ்வுவமையின் ஆற்றல் பாம்பில் இல்லை. வானில் நிகழ்வதை ஊரார் அனைவரும் ஒருங்கே காண்கின்றனர் என்பதில் உள்ளது. பாம்புக் கதையைச் சொல்லி அமைந்துவிடும் ஆசிரியர், குறளின் பாதியையே கற்பித்தவராவார்.

கதை பொய்யென்பது அறிஞர்க்குப் புதிதன்று. திங்கள் ஞாயிற்றை மறைப்பதும், புவியின் நிழல் திங்களை மறைப்பதுமே கிரகணம் என 499ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் உரைத்தார். 628இல் நூல் யாத்த பிரமகுப்தரோ கணக்கில் நிழலைக் கொண்டு, உரையில் இராகுவை மறுத்தோரைக் கடிந்தார். அறிந்தவரே ஊர்வழக்கிற்கு அஞ்சிய இந்நிலை இரங்கத்தக்கது. பின்னாளில் அல்பிரூனி இதனைச் சுட்டிக் குறைகூறினார். சோதிடத்தில் இராகு, கேது என்பன திங்களின் பாதை ஞாயிற்றின் பாதையை வெட்டும் இரு புள்ளிகளே. ஏறத்தாழ 173 நாள்களுக்கு ஒருமுறை ஞாயிறு இவற்றுள் ஒன்றை அணுகுங்கால் கிரகணப் பருவம் வாய்க்கிறது.

கிரகண நெறிகளோ இக்கதையை நம்பி நிற்பன அல்ல. பற்றும்போது நீராடல், இடையே செபம், தானம், தர்ப்பணம், விட்டபின் மீண்டும் நீராடல் ஆகிய யாவும் கிரகணம் கண்ணுக்குப் புலனாகும் ஊரார்க்கே உரியன என்பது மரபு. (கோயில்கள் பலவும் நடைசாத்த, காளத்தி திறந்திருப்பது சிறப்பு.) குறளின் உவமைக்கு உயிரான காட்சியே இங்கும் விதியாகிறது. இதனை விடுத்து, உணவின்மேல் தருப்பை இடுதலையும், பிறந்த நட்சத்திரத்திற்குரிய சாந்தியையும் மட்டும் விரித்துரைக்கும் கையேடுகள் அச்சம் வளர்ப்பனவேயன்றி நெறி வளர்ப்பன அல்ல.

இக்குறை கடல்கடந்த தமிழரையே மிகுதியும் தாக்குகிறது. 2019 டிசம்பர் 26இல் கங்கண சூரிய கிரகணத்தின் பாதை கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணத்தைத் தொட்டுச் சிங்கப்பூரை அடைந்தது. தமிழகத்தில் காலை 8 மணியளவில் தொடங்கிய மறைப்பு, சிங்கப்பூரில் ஏறத்தாழ 11.30 மணிக்கே தொடங்கிற்று. தமிழகப் பஞ்சாங்கத்தின் நேரத்தோடு இரண்டரை மணி கூட்டிக் கொண்டவர்க்கு வந்த விடை 10.30. நிழல் கடலைக் கடக்கும் நேரம் அக்கூட்டலில் அடங்காது. அவர் நீராடிச் செபம் தொடங்கிய வேளையில் ஞாயிறு முழு வட்டமாகவே ஒளிர்ந்துகொண்டிருந்தது.